லெட்னிட்சே: இந்தச் சின்ன ஊருக்கு இத்தனை குளமும் கோட்டையும் எப்படி வந்தன?

வழிப்போக்கன் (கேள்வி)

செக் குடியரசின் தென்கோடியில், ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் லெட்னிட்சே பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊரின் மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம்தான். வரைபடத்தைப் பார்த்தால் சங்கிலியாக நாலு பெரிய குளங்கள், அரண்மனைத் தோட்டத்துக்குள் ஐந்தாவதாக ஒன்று. கரையெல்லாம் மாளிகைகள், கிரேக்கக் கோயில் மாதிரிக் கட்டடங்கள், ஒரு இடிந்த கோட்டை. போதாக்குறைக்கு ஒரு மினாரெட் (மசூதிக் கோபுரம்) வேறு.

படிக்கிற இடமெல்லாம் ஆண்டுகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. முதலில் வந்தவை குளங்களா, கோட்டைகளா? யான் கோட்டை என்கிற இடிபாடு எந்த நூற்றாண்டு, அதை இடித்தது யார்? எல்லை மாளிகை என்ற கட்டடத்தின் நெற்றியில் ‘ஆஸ்திரியாவுக்கும் மொராவியாவுக்கும் நடுவே’ என்று ஜெர்மனில் எழுதியிருக்கிறது. ஆனால் இன்றைய எல்லை அங்கிருந்து பல கிலோமீட்டர் தெற்கே இருக்கிறதே? பழைய ராணுவ வரைபடங்களில் ஒரே குளத்தின் இரண்டு கரையும் பொருந்தவும் மாட்டேன் என்கின்றன. சில படங்களில் குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் சேறு. வற்றிப்போயிற்றா? தெரிந்தவர்கள் ஆண்டு, காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கோட்டைக்கல்

யான் கோட்டையை யாரும் இடிக்கவில்லை, இடிந்த மாதிரியே கட்டினார்கள். இந்த முடிச்சை முதலில் அவிழ்த்துவிட்டால் மற்றதெல்லாம் வரிசைக்கு வந்துவிடும்.

லீக்டென்ஸ்டைன் குடும்பத்தின் இளவரசர் முதலாம் யோஹான் யோசெஃப் (ஆட்சி 1805–1836) காலத்தில், அவருடைய கட்டடக் கலைஞர் யோசெஃப் ஹார்ட்முட் வரைந்த கட்டடம் அது. 1810-இல் வேலை முடிந்தது. நாலு மூலையிலும் கோபுரம், நடுவில் முற்றம், மாடியில் வேட்டைக்குப் பிறகு விருந்து வைக்க ஒரு பெரிய கூடம். சுவரின் மேல் விளிம்பை ஒழுங்கில்லாமல் விட்டிருப்பார்கள். ஆனால் தளத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள், அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். நூறு இருநூறு ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து பிறகு சிதைந்த கோட்டைக்கு அப்படி ஒரு ஒழுங்கு வராது.

ஊரின் பெயர் ஆவணத்தில் முதலில் வருவது 1222-இல். அப்போது இங்கே ஒரு சிறு கோட்டை இருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் நடுவாக்கில் லீக்டென்ஸ்டைன்கள் கைக்கு வந்து, 1945 வரை அவர்களிடமே இருந்தது. அந்தப் பழைய கோட்டையைத் தேடிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். இன்று நிற்கும் அரண்மனை 1846–1858-இல் இங்கிலாந்தின் கோதிக் பாணியைப் பார்த்துக் கட்டியது. கேயோர்க் விங்கெல்மியுல்லர் தொடங்கினார். அவர் 1848-இல் இறந்ததும் யோஹான் ஹைட்ரிக் முடித்தார். ஆகவே முகப்பைப் பார்த்து ‘இடைக்கால அரண்மனை’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த வளாகத்தில் பழமையாக நிற்பது குதிரைலாயமும் சவாரிக்கூடமும். அவை 1688-இல் தொடங்கியவை, ஃபிஷர் ஃபொன் எர்லாக் வரைந்தவை. அரண்மனையில் இருந்த குதிரைகளுக்கு அரண்மனையைவிட வயதான வீடு!

இன்னொரு குழப்பம் கண்ணாடி வீடு, அதாவது செடி வளர்க்கும் கூடம். 92 மீட்டர் நீளம், வார்ப்பிரும்புத் தூண்களை மூங்கில் மாதிரி கணுவைத்து வார்த்திருப்பார்கள். அரண்மனையோடு பிறகு ஒட்டவைத்தது என்று பலர் எழுதுகிறார்கள், அது தலைகீழ். கண்ணாடி வீடு 1843–1845; அதன் பக்கத்தில் இருக்கும் கோதிக் அரண்மனைதான் பிந்தியது.

மினாரெட் 1797-இல் தொடங்கி 1804-இல் முடிந்தது. இதுவும் ஹார்ட்முட் வேலைதான். ஏறத்தாழ 60 மீட்டர், 302 படிகள். சதுப்பு நிலம் என்பதால் மரக்கட்டைகளை அடித்திறக்கி அதன்மேல் அடித்தளம் போட்டார்கள். இளவரசர் ஊருக்குத் தேவாலயம் கட்ட நினைத்தார், ஊரார் தகராறு செய்தார்கள், கோபத்தில் மினாரெட் கட்டிவிட்டார் என்று ஒரு கதை சுற்றுகிறது. கட்டுரையில் போடுவதானால் கதை என்றே போடுங்கள். அந்தக் காலப் பூங்காக்களில் துருக்கிப் பாணிக் கட்டடம் வைப்பது பரவலான மோகம். இங்கே மசூதி எதுவும் இருந்ததில்லை.

குளக்கரைக் கட்டடங்கள் எல்லாம் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுக்குள் அடங்கிவிடும். நடுக்குளத்தின் வடகரையில் குள மாளிகை 1814–1816; ஆலைக்குளத்தைப் பார்த்து அப்பல்லோ கோயில் 1817–1819; நடுக்குளத்தின் மறுகரையில் மூன்று அழகியர் மண்டபம் 1824–1825; ஹ்லொஹொவெட்ஸ் குளத்தின் மேல் எல்லை மாளிகை 1826–1827. மூன்று அழகியர் என்று பெயரே தவிர, அங்கே சிலையாக நிற்பவர்கள் அதீனா, ஆர்ட்டெமிஸ், அஃப்ரோடைட்டி. ஹார்ட்முட் 1812-இல் வேலையை விட்டுவிட்டதால் இவற்றை அவர் பெயரில் எழுதக்கூடாது. பின்னால் வந்தவர்கள் கோர்ன்ஹொய்சல், எங்கெல், பொப்பெலாக். ஹார்ட்முட் களிமண்ணோடு கிராஃபைட் கலந்து சுட்ட பென்சிலுக்காகவும் பெயர் எடுத்தவர். கோ-இ-நூர் பென்சில் கம்பெனியின் மூலவர் அவர்தான்.

மதகடி

மேலே உள்ள ஆண்டுகள் சரி. ஆனால் கட்டடங்களிலிருந்து தொடங்கினால் இந்த ஊரின் கணக்கு விளங்காது. குளங்கள் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கரைமேல் இருக்கும் மாளிகைகளுக்கு நானூறு ஆண்டு மூத்தவை. அழகுக்காக வெட்டியவையும் அல்ல. அவை மீன் பண்ணை. கத்தோலிக்க நோன்பு நாட்களில் இறைச்சி ஆகாது, மீன் ஆகும். கெண்டைக்கு நல்ல விலை கிடைத்தது, பொஹீமியாவிலும் மொராவியாவிலும் பிரபுக்கள் போட்டி போட்டுக் குளம் கட்டினார்கள். 19-ஆம் நூற்றாண்டு இளவரசர் செய்ததெல்லாம், ஏற்கெனவே இருந்த தண்ணீர்ப்பரப்பைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டு அதன் ஓரத்தில் கட்டடங்களை நிறுத்தியதுதான்.

வ்செலீனெக் என்ற ஓடையை நாலு இடத்தில் மறித்திருக்கிறார்கள். மேலிருந்து கீழே: நெசிட், ஹ்லொஹொவெட்ஸ் குளம், நடுக்குளம் (ப்ரொஸ்ட்ரெட்னி), ஆலைக்குளம் (ம்லீன்ஸ்கி). நெசிட் 300 ஹெக்டேர் அளவு, மொராவியாவிலேயே பெரிய குளம். பள்ளத்தாக்கு ஆழமில்லாமல் தட்டையாக இருப்பதால், தாழ்வான கரை போட்டாலே தண்ணீர் விரிந்து நிற்கும். கெண்டைக்கு வேண்டியதும் அதுதான்: ஆழமில்லாத, சீக்கிரம் சூடேறும் தண்ணீர்.

கரையின் அமைப்பு இப்படி: களிமண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி மிதித்து இறுக்கிய மண்கரை. இந்த மாதிரிக் கரைக்கு வழக்கமாக நீர்ப்பக்கச் சரிவு 1:3, வெளிப்பக்கம் 1:2. அலை அரிக்காமல் நீர்ப்பக்கம் கல் பதிப்பார்கள். மேலே ஓக் மரங்கள், அவற்றின் வேர் கரையைக் கட்டிப்பிடிக்கும். பழைய மதகு என்பது கரைக்கு அடியில் போகும் துளையிட்ட ஓக் குழாய், அதன் வாயில் மரச் செருகு. ஓக் எப்போதும் தண்ணீருக்குள் முழுகியிருந்தால் நூற்றாண்டுக் கணக்கில் கெடாது. நனைவதும் காய்வதுமாக இருந்தால் சில பத்தாண்டில் உளுத்துவிடும். குளத்தை நீண்டகாலம் காயப்போட்டால் மதகுக் குழாய் கெடுவது இதனால்தான். இப்போது இருப்பது கான்கிரீட் பெட்டி மதகு. அதில் இரண்டு வரிசைப் பலகை, நடுவில் களிமண் அடைப்பு, முன்னால் மீன் தப்பாமல் கம்பித் தடுப்பு. பலகையை ஒவ்வொன்றாக எடுத்து நீர்மட்டத்தை இறக்குவார்கள். வெள்ளத் தண்ணீர் போகத் தனியாகக் கலிங்கு. மண்கரை உடைவதற்குப் பெரும்பாலும் காரணம், கலிங்கில் தழையும் குப்பையும் அடைத்து, தண்ணீர் கரைமேலேயே வழிவதுதான்.

சேறு மட்டும் தெரிகிற படங்கள் அக்டோபர்–நவம்பரில் எடுத்தவையாக இருக்கும். அது மீன்பிடிக் காலம், வறட்சி இல்லை. கெண்டை விற்பனை எடைக்கு வர மூன்று நாலு கோடை ஆகும். குஞ்சுக் குளத்தில் முதல் ஆண்டு, பிறகு வளர்ப்புக் குளம், கடைசியாகப் பெரிய குளம். பிடிக்கும் பருவம் வந்ததும் குளத்தை வடிப்பார்கள். மீன் எல்லாம் மதகுக்கு முன்னால் வெட்டிவைத்திருக்கும் ஆழக்குழியில் சேரும். விடியற்காலையில் இழுவலையைப் போட்டு வளைத்து, கரையில் தொட்டிகளில் எடைவாரியாகப் பிரிப்பார்கள். அங்கிருந்து ஓடும் நீருள்ள இருப்புத் தொட்டிகளுக்குப் போகும். சேற்று வாடை போகும்வரை அங்கே கிடந்து, கிறிஸ்துமஸ் கெண்டையாகச் சந்தைக்கு வரும்.

இதில் கெடுவது எங்கே என்றால், அவசரத்தில். தண்ணீரைச் சட்டென்று இறக்கினால் கரையின் உட்பக்கம் ஊறிய மண் தாங்குதல் இல்லாமல் சரிந்து விழும். சேறு கலங்கி மீனின் செவுளை அடைக்கும். வெயில் காலத்தில் வடித்தால் இன்னும் மோசம், வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவு, மீனுக்குத் தேவையோ அதிகம். குழியில் நெருக்கியடித்த மீன் சில மணி நேரத்தில் செத்து மிதக்கும். அதனால்தான் நீர் 10 டிகிரிக்குக் கீழே குளிர்கிறவரை காத்திருக்கிறார்கள்.

சங்கிலிக் குளத்தில் வரிசையும் முக்கியம். கீழ்க்குளத்தை முதலில் பிடித்துவிட்டு மேல்குளத்துத் தண்ணீரை அதில் இறக்கினால் ஒரே தண்ணீர் இரண்டு முறை பயன்படும். மாற்றிச் செய்தால் அத்தனையும் டியே ஆற்றுக்குப் போய்விடும். இந்த வட்டாரம் நாட்டிலேயே வெப்பமான, மழை குறைந்த பகுதிகளில் ஒன்று. ஆண்டுக்கு 500 மி.மீ. அளவுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 300 ஹெக்டேரில் சராசரி ஒரு மீட்டர் தண்ணீர் என்றாலே 30 லட்சம் கனமீட்டர். ஓடையில் நொடிக்கு 100 லிட்டர் வருகிறது என்று வைத்தால் நாளுக்கு 8,640 கனமீட்டர். குளம் நிறைய 347 நாள், அதுவும் ஆவியாவதைக் கழிக்காமல். பனி சரியாகப் பெய்யாத குளிர்காலத்துக்குப் பிறகு குளம் அரைகுறையாக நிற்பது ஏன் என்று இதிலேயே தெரிந்துவிடும்.

கோடையில் முழுக்கக் காயப்போட்ட குளத்தின் படமும் கண்ணில் படலாம். அது வேண்டுமென்றே செய்வது. வண்டல் காற்றுப்பட்டு மட்கும், நோய்க்கிருமி சாகும், கரையோரத்தில் செடி முளைக்கும், பறவைகளுக்கு இரை கிடைக்கும். நெசிட்டுக்கு இதில் கூடுதல் காரணமும் உண்டு. அந்தக் கரையில் உவர்நிலம் இருக்கிறது. கடல் இருந்த காலத்துப் படிவுகளின் உப்பு, வறண்ட காலநிலையில் ஆவியாதலோடு மேலேறி மண்ணின்மேல் படிகிறது. அதில் மட்டும் வளரும் உப்புச் செடிகளுக்கு ஈரமும் வெயிலும் மாறிமாறி வேண்டும். மீனுக்காக நீர்மட்டத்தை எப்போதும் உயரத்திலேயே வைத்தால் அவை மூழ்கும். மாடு மேய்வது நின்றால் நாணல் ஏறி மூடிவிடும். மீன்காரருக்கும் இயற்கைப் பாதுகாப்புக்காரருக்கும் அங்கே ஓயாத இழுபறி. குளங்கள் 1953 முதல் தேசிய இயற்கைக் காப்பகம், 1990 முதல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் உண்டு.

ஐந்தாவது குளம் வேறு வகை. அரண்மனைத் தோட்டக் குளத்தை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டினார்கள். தண்ணீர் டியே ஆற்றிலிருந்து. தோண்டிய மண்ணை வெளியே கொட்டாமல் தீவுகளாகக் குவித்தார்கள், தோட்டத் தரையையும் வெள்ளமட்டத்துக்கு மேல் உயர்த்தினார்கள். அதை மற்ற நாலோடு சேர்த்து ‘ஐந்து இடைக்கால மீன்குளங்கள்’ என்று எழுதுவது தவறு.

பழையதாள்

எல்லை விஷயத்துக்கு நான் வருகிறேன். அந்த மாளிகை கட்டிய காலத்தில் மொராவியாவும் கீழ் ஆஸ்திரியாவும் ஒரே பேரரசின் இரண்டு மாகாணங்கள். எல்லைக்கோடு இந்தக் குளங்களின் ஊடாகப் போனது. லெட்னிட்சே மொராவியாவில், ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வல்டிட்சே, குடும்பத்தின் முதன்மை அரண்மனை இருந்த ஊர், கீழ் ஆஸ்திரியாவில். கோடைக்கு ஒன்று, ஆட்சிக்கு ஒன்று. எல்லையின் மேலேயே ஒரு மாளிகையை நிறுத்தி, நடுப்பகுதியின் முன்னால் எல்லை ஓடையை வழிய விட்டது இளவரசரின் விளையாட்டு.

அந்தக் கோடு 1920-இல் தெற்கே நகர்ந்தது. முதல் உலகப்போருக்குப் பின் சான் ஜெர்மேன் ஒப்பந்தப்படி வல்டிட்சேயும் சுற்றியுள்ள ஊர்களும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போயின. வல்டிட்சேயில் பெரும்பாலோர் ஜெர்மன் பேசியவர்கள்தான். ஆனால் பிரெட்ஸ்லாவிலிருந்து ஸ்னொய்மோவுக்குப் போகும் ரயில்பாதை அந்த ஊர் வழியாக ஓடியது, புதிய நாட்டுக்கு அது முழுதாகத் தன் மண்ணில் வேண்டியிருந்தது. எல்லையை நகர்த்தியதில் அந்தத் தண்டவாளத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

குளக்கரையில் இருக்கும் ஹ்லொஹொவெட்ஸைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள். 15-ஆம் நூற்றாண்டில் பாழான அந்த ஊரில் 1570-ஐ ஒட்டிக் குரோயேஷியர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள், துருக்கியப் படையெடுப்பால் நிலமிழந்து வந்தவர்கள். பக்கத்தில் போஷ்டோர்னா, ஹர்வாட்ஸ்கா நோவா வெஸ் ஆகியவையும் அப்படிக் குடியேறிய ஊர்களே. பழைய தாள்களில் தேடும்போது ஜெர்மன் பெயர்கள் வேண்டும்: லெட்னிட்சே ஐஸ்குரூப், வல்டிட்சே ஃபெல்ட்ஸ்பெர்க், ஹ்லொஹொவெட்ஸ் பிஷோஃப்வார்ட்.

இப்போது உங்கள் வரைபடச் சிக்கல். இரண்டு மாகாணங்களையும் வெவ்வேறு ஆண்டில் அளந்தார்கள். முதல் ராணுவ அளவையில் மொராவியா 1764–1768, கீழ் ஆஸ்திரியா 1773–1781. இரண்டாவது அளவையில் தலைகீழ்: கீழ் ஆஸ்திரியா 1809–1818, மொராவியா 1836–1840. ஆகவே இரண்டாவது அளவைத் தாள்களை ஒட்டவைத்தால், வடகரை தென்கரையைவிடப் பதினெட்டு ஆண்டாவது இளையது. 1820-களில் எழுந்த கட்டடம் ஆஸ்திரியத் தாளில் இருக்காது. அங்கே காணோம் என்பதற்காக ஆண்டைப் பின்னுக்குத் தள்ளிவிடாதீர்கள். முதல் அளவை வடிவியல் துல்லியம் இல்லாதது, கண்ணால் மதிப்பிட்டு நிரப்பிய இடங்கள் நிறைய. கரைக்கோட்டை அதிலிருந்து அளந்து எடுக்கவே கூடாது. குளத்தின் பரப்பு வேண்டுமென்றால் 1:2880 அளவிலான நிலவரி வரைபடத்துக்குப் போங்கள். கீழ் ஆஸ்திரியாவுக்கு 1817–1824. மொராவியாவுக்கு 1824-இல் தொடங்கினார்கள்.

1945-இல் நடந்ததையும் ஒரு பத்தியாவது எழுத வேண்டியிருக்கும். இளவரசர் இரண்டாம் ஃப்ரான்ஸ் யோசெஃப் 1938-இலேயே லீக்டென்ஸ்டைன் நாட்டின் தலைநகர் வாடூஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியக் குடியரசுத் தலைவர் பெனெஷின் ஆணைகளின்படி அவரை ஜெர்மானியராகக் கணக்கிட்டுச் சொத்து முழுவதையும் அரசு எடுத்துக்கொண்டது. நாங்கள் தனி நாடு, ஜெர்மானியர் அல்ல என்பது லீக்டென்ஸ்டைன் வாதம். இரண்டு நாடுகளும் தூதரக உறவு வைத்துக்கொண்டது 2009-இல்தான். 2020-இல் வழக்கு ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. ஊரில் இருந்த ஜெர்மன் மொழியினரும் போருக்குப் பின் வெளியேற்றப்பட்டார்கள். 1900-க்கு முந்திய குடும்பப் பெயர்களும் இன்றைய பெயர்களும் பொருந்தாததற்குக் காரணம் இது.

குடும்ப ஆவணங்களின் கதை தனி. வியன்னாவில் இருந்த பெரும்பகுதியைச் சோவியத் படை மாஸ்கோவுக்குக் கொண்டுபோனது. ரஷ்ய அரச குடும்பக் கொலையை விசாரித்த சொகொலோவின் கோப்புகளை ஏலத்தில் வாங்கி, அவற்றைக் கொடுத்து 1990-களில் தங்கள் ஆவணங்களைத் திரும்பப் பெற்றார்கள்.

வழிப்போக்கன்

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் மட்டும். நிலவரி ஏடுகளில் குளத்தின் பரப்பு ‘யோக்’ கணக்கில் இருக்கிறது, அதை எப்படி மாற்றுவது? படம் எடுக்கப் போகும் நண்பருக்கு எந்த மாதம் சொல்லலாம்?

பழையதாள்

வியன்னா யோக் ஒன்று 1,600 சதுர கிளாஃப்டர் (கிளாஃப்டர் பழைய நீள அளவு), அதாவது 0.5755 ஹெக்டேர். 100 ஹெக்டேர் குளம் என்றால் 174 யோக் அளவில் வரும். ஏட்டில் யோக்குக்குப் பக்கத்து நெடுவரிசையில் இருக்கும் எண் சதுர கிளாஃப்டர்; தசமம் என்று நினைத்துப் புள்ளி வைத்துவிடாதீர்கள். ‘180 யோக் 800’ என்றால் நூற்றெண்பதரை யோக்.

மதகடி

கரைக் கட்டடங்கள் தண்ணீரில் தெரிகிற மாதிரி வேண்டுமென்றால் மே அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் பாசி ஏறித் தண்ணீர் பச்சையாக, மங்கலாக இருக்கும். பிரதிபலிப்பு வராது, டியே வெள்ளச் சமவெளியில் கொசுவும் பிடுங்கும். மீன்பிடிப்பையே படமெடுக்கப் போகிறார் என்றால் அக்டோபர் கடைசியில் போகட்டும். எந்தக் குளத்தில் எந்த நாள் என்று உள்ளூர்ப் பண்ணையிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏழு மணிக்குப் போனால் பாதி வேலை முடிந்திருக்கும்.

கோட்டைக்கல்

நடப்பதற்கு: காலையில் அரண்மனை, கண்ணாடி வீடு, மினாரெட், அங்கிருந்து ஆற்றோரமாக யான் கோட்டை, இவை எல்லாம் வடக்கே. குளங்கள் தெற்கே. இரண்டையும் ஒரே நாளில் கால்நடையாக முடிக்கப் பார்த்தால் இருட்டிவிடும், சைக்கிள் எடுக்கச் சொல்லுங்கள். பாதை தட்டை. அப்பல்லோவில் தொடங்கி மூன்று அழகியர், எல்லை மாளிகை என்று மேற்கே போனால் வெயில் சாயும் நேரத்தில் ஹ்லொஹொவெட்ஸ் குளத்தில் இருப்பார். அரண்மனைகள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும், குளிர்காலத்தில் வார இறுதி மட்டும்.